குரலை ஒளித்து வைத்த பிள்ளை: லிப்போயிட் புரோட்டினோசிஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

12 வயதுப் பெண்பிள்ளை. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி ஒன்றிலிருந்து தாயோடு தோல் கிளினிக்குக்கு வந்தாள். இரண்டு முழங்கைகளிலும் முழங்கால்களிலும் தோல் தடித்துச் சொரசொரப்பாகிவிட்டது என்பதுதான் முறைப்பாடு. முதல் நாள் நான் கேட்ட எல்லாக் கேள்விக்கும் தாயே பதில் சொன்னார். பிள்ளை தலையாட்டினாள், கையை நீட்டினாள், சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள், வாய் மட்டும் திறக்கவில்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். "நாட்பட்ட எக்ஸிமா, பழைய புண் தழும்புகள்" என்று எழுதி, பூசுமருந்து கொடுத்து, ஆறு கிழமை கழித்து வரச் சொன்னேன்.

நான் எழுதியது பிழை. அது பிழை என்று எனக்குத் தெரியவந்த விதத்தை மற்ற வைத்தியர்களும் பெற்றோரும் அறிய வேண்டும் என்பதற்காகவே இந்த நிகழ்வை எழுதுகிறேன். பெற்றோரும் பிள்ளையும் சம்மதித்திருக்கிறார்கள். பெயர், ஊர், பள்ளிக்கூடம் எதையும் குறிப்பிடவில்லை.

ஆறு கிழமை கழித்து வந்தபோது ஏழு வயதுத் தம்பியும் கூட வந்திருந்தான். நான் வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே விறாந்தையில் ஓடிக்கொண்டிருந்த அவனை யாரோ அதட்டுவது கேட்டது. சளி அடைத்த, காற்றும் கரகரப்பும் கலந்த, வயது போன ஒருவருடைய குரல் போல இருந்தது. எட்டிப் பார்த்தேன். அதட்டியது அவள்தான்.

உள்ளே வந்ததும் தாயிடம் கேட்டேன். "பிள்ளைக்குத் தடிமனோ?"

"இல்லை டொக்டர். பிறந்ததிலிருந்தே இந்தக் குரல்தான். அதுக்கு வேற கிளினிக் காட்டுறம்" என்றார். அப்புறம் பையிலிருந்து நான்கு கொப்பிகளை எடுத்து மேசையில் வைத்தார்.

ஒரு கொப்பியில் தொய்வு (ஆஸ்துமா) என்று எழுதி இழுவை மருந்து கொடுத்திருந்தது. இரண்டாவதில் குரல்நாண் முடிச்சு என்றும் சத்தம் போடாமல் இருக்கும்படியும் இருந்தது. மூன்றாவது பல் கிளினிக்குடையது. மேல்வரிசையில் இரண்டு பற்கள் முளைக்கவேயில்லை என்ற குறிப்பு. நான்காவது, சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு இடத்தில் தொழுநோய்ச் சந்தேகத்தில் தோலைக் கீறிப் பார்த்த முடிவு, கிருமி இல்லை. ஐந்தாவதாக என் கிளினிக் கொப்பி. ஒவ்வொருவரும் தங்கள் கண்ணுக்கு முன்னால் இருந்ததைக் கவனமாகத்தான் பார்த்திருந்தார்கள். ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவரும் படிக்கவில்லை.

முதல் நாள் நான் பிள்ளையையே பேசவிட்டிருந்தால் ஆறு கிழமை மிச்சமாகியிருக்கும். அவள் வெட்கத்தால் பேசாமல் இருந்தவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனைக்குத் தேவாரம் பாட ஒருமுறை எழுந்து நின்றபோது பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வெளியாட்களுக்கு முன்னால் குரல் காட்டுவதில்லை என்று அவளாகவே முடிவெடுத்திருக்கிறாள். நோயின் முதல் அறிகுறியை நோயாளியே மறைத்து வைத்திருந்தாள். அப்படி மறைக்கும்படி செய்ததும் அந்த நோய்தான்.

வரலாறு

மூன்றாவது வருகைக்கு அம்மம்மாவையும் கூட்டி வரச் சொன்னேன். பிறந்த கதை தெரிந்தவர் அவர்தான். "மோனை, பிறந்த உடனை அழுகுது, சத்தம் வரேல்லை. பூனைக்குட்டி முனகினமாதிரி ஒரு சத்தம். பால் குடிக்கிறதிலை குறை இல்லை. அழுகைதான் வெளியிலை வரேல்லை" என்றார். 12 வருடத்துக்கு முந்திய அழுகையை அவர் அவ்வளவு துல்லியமாகச் சொன்னார்.

இரண்டு வயதளவில் தோலில் தொடங்கியிருக்கிறது. விழுந்தால், உரசினால், நுளம்பு கடித்த இடத்தைச் சொறிந்தால் கொப்புளம் வரும். இரத்தம் கலந்த பொருக்கு கட்டும். ஆறும்போது குழித்தழும்பு விழும். முகத்தில் அந்தக் குழிகளைப் பார்த்தவர்கள் கொப்புளிப்பான் வந்து போன தழும்பு என்றே நினைத்திருக்கிறார்கள். உண்மையில் அவளுக்குக் கொப்புளிப்பான் வந்ததே இல்லை. எட்டு வயதுக்குப் பிறகு கொப்புளங்கள் குறைந்து, தோல் தடிக்கத் தொடங்கியது.

வெயிலில் நின்றால் தோல் எரிகிறதா, நோகிறதா என்று கேட்டேன். கரைவலை இழுக்கும் இடத்தில் மத்தியானம் முழுக்க விளையாடுகிறவள். ஒரு கரைச்சலும் இல்லை. இந்தப் பதில் பின்னால் உதவியது.

பெற்றோர் சொந்த மச்சான் மச்சாள். தாயின் தகப்பனும் தகப்பனின் தாயும் கூடப்பிறந்தவர்கள். தம்பிக்குக் குரலிலும் தோலிலும் குறை எதுவும் இல்லை. அம்மம்மாவின் நினைவில் பூட்டன் வழியில் ஒருவருக்கு "தொண்டை அடைச்ச குரல்" இருந்திருக்கிறது. அவர் காலமாகி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. குடும்ப மரத்தில் அவருடைய கட்டத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

"நாக்கை நீட்டுங்கோ பிள்ளை"

இரண்டாம் வருகையில், குரலைக் கேட்ட பிறகு, முதலில் இதைத்தான் சொன்னேன். அவள் முயன்றாள். நாக்கு கீழ்ப்பல்வரிசையைத் தாண்டி வரவில்லை. கையுறை போட்டுத் தொட்டுப் பார்த்தேன். சாதாரண நாக்கின் மெதுமை இல்லை, பலகைத் துண்டு போலக் கெட்டியாக இருந்தது. நாக்கின் அடிக்கயிறு குட்டையாகித் தடித்திருந்தது. உதட்டின் உட்பக்கத்தில் மஞ்சள் கலந்த வெள்ளைத் திட்டுகள்.

பிறகு கண் இமை. சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தபோது இமை விளிம்போடு வரிசையாகச் சின்னச் சின்ன மணிகள். நூலில் கோத்த பாசிமணி போல, அரைத் தெளிவாக, மெழுகு நிறத்தில் இருந்தன. முதல் நாளும் அவை அங்கேதான் இருந்திருக்கும். நான் முழங்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கையிலும் முழங்காலிலும் பாலுண்ணி போன்ற தடிப்பு. உணர்ச்சி குறையவில்லை, நரம்புகள் தடிக்கவில்லை. ஆகவே தொழுநோய் இல்லை என்ற பழைய முடிவு சரியானதுதான்.

பிறவியிலிருந்தே அடைத்த குரல், நீட்ட முடியாத நாக்கு, இமையில் மணிவரிசை. இந்த மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் லிப்போயிட் புரோட்டினோசிஸ் தவிர வேறு பெயர் அநேகமாக இல்லை. பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன், ஒரு நோயாளியிடம் பார்த்தது இதுதான் முதல் தடவை. உலகம் முழுவதிலும் மருத்துவ இதழ்களில் பதிவானவர்களே சில நூறு பேர்தான்.

மற்றச் சாத்தியங்களையும் யோசித்தோம். எரித்ரோபொயிட்டிக் புரோட்டோபோர்ஃபிரியா என்ற நோயிலும் முகத்தில் மெழுகுத் தடிப்பும் தழும்பும் வரும். ஆனால் வெயில் பட்டால் தாங்க முடியாமல் நோகும், குரல் மாறாது. கரைவலைக் கதை அதை ஒதுக்கியது. குரல்வளைப் பப்பிலோமா என்ற மருப் போன்ற வளர்ச்சி குரலை அடைக்கும், தோலைத் தொடாது. குழந்தைப் பருவ ஹயலினோசிஸ் என்றால் மூட்டுகள் மடங்கி இறுகியிருக்கும், பல்முரசு வீங்கியிருக்கும். இவளுக்கு இரண்டும் இல்லை.

முழங்கையில் சிறு துண்டு எடுத்து நோயியல் பிரிவுக்கு அனுப்பினோம். மேற்தோலுக்குக் கீழேயும், நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுற்றியும், வியர்வைச் சுரப்பிகளைச் சுற்றியும் இளஞ்சிவப்பாகக் கண்ணாடி போன்ற பொருள் படிந்திருந்தது. குழாய்களைச் சுற்றி அது வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக இருந்தது. பி.ஏ.எஸ். சாயத்தில் கருஞ்சிவப்பாகியது, டயஸ்டேஸ் நொதி போட்டும் அந்த நிறம் போகவில்லை. கொங்கோ சிவப்புச் சாயத்தை ஏற்கவில்லை, ஆகவே அமிலொயிட் என்ற வேறு வகைப் புரதப் படிவு அன்று.

பிறகு இரத்த மாதிரியை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஈ.சி.எம்.1 மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் ஒரே மாற்றம் இருப்பதாக முடிவு வந்தது. தாயிடம் ஒரு பிரதி, தகப்பனிடம் ஒரு பிரதி.

தோல் நோய் என்றால் தோல் மட்டும் இல்லை

ஈ.சி.எம்.1 மரபணு முதலாம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அது செய்யச் சொல்லும் புரதம் கலங்களுக்கு வெளியே, அவற்றைத் தாங்கும் பின்னலில் வேலை செய்கிறது. பின்னலின் பல கூறுகளை ஒன்றோடொன்று பிடித்து வைப்பது அதன் பணி. அந்தப் புரதம் இல்லாதபோது அடித்தள மென்சவ்வுப் பொருள் ஒழுங்கில்லாமல் அடுக்கடுக்காகப் படிந்துகொண்டே போகிறது. தோலில் படிந்தால் தடிப்பு, நாக்கில் படிந்தால் விறைப்பு, குரல்நாணில் படிந்தால் கரகரப்பு. கன்ன உமிழ்நீர்க் குழாயின் வாயில் படிந்தால் கன்னம் அடிக்கடி வீங்கும். இவளுக்கும் இரண்டு முறை வீங்கியிருக்கிறது, கூகைக்கட்டு என்று விட்டிருக்கிறார்கள்.

இந்த நோயின் சரித்திரத்திலும் இதே பாடம் கிடக்கிறது. 1908இல் இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி முதலில் எழுதிய சீபன்மான், சுவிற்சர்லாந்தின் தொண்டை மருத்துவர். 1929இல் வியன்னாவில் இதைத் தனி நோயாக விவரித்தவர்கள் இருவர்: ஊர்பாக் தோல் மருத்துவர், வீத்தே காது மூக்குத் தொண்டை மருத்துவர். இரண்டு துறைக்காரர் சேர்ந்து பார்த்ததால்தான் நோயின் முழு உருவம் தெரிந்தது. அதனால் அவர்கள் இருவர் பெயரிலும் இது வழங்குகிறது. காரணமான மரபணுவைக் கண்டுபிடிக்க 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எங்கள் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் குழாய்க் கமெரா விட்டுப் பார்த்தார்கள். குரல்நாண்கள் இரண்டும் மஞ்சளாகத் தடித்து, விளிம்பு மேடு பள்ளமாகி, பேசும்போது முழுதாக மூடாமல் இருந்தன. காற்று கசிவதால் அந்தக் குரல். மூச்சுப்பாதை இப்போதைக்குப் போதிய அகலத்தில் இருக்கிறது. இழுவை மருந்து நிறுத்தப்பட்டது. அவளுக்குத் தொய்வு இருந்ததே இல்லை.

மூளையைப் பற்றித் தாய் தானாக ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் குறிப்பாகக் கேட்டேன். இடைக்கிடை பிள்ளை "எங்கேயோ கருகுது" என்று சொல்லுவாளாம். அடுப்பில் ஒன்றும் இருக்காது. பிறகு அரை நிமிடம் ஒரே பக்கம் பார்த்தபடி வாயைச் சப்புவாள், கூப்பிட்டால் கேட்காது. வீட்டில் பயந்துவிட்டாள் என்று நினைத்து வைரவர் கோயிலில் நூல் கட்டியிருக்கிறார்கள். கட்டியதில் பிழையில்லை, நூலை அறுக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் இல்லாத கருகல் மணமும், வெறித்த பார்வையும், வாய் சப்புவதும் சேர்ந்து வந்தால் அது மூளையின் பொட்டு மடலிலிருந்து எழும் வலிப்பு. கை கால் உதறினால்தான் வலிப்பு என்று பலர் நினைக்கிறோம்.

சி.ரி. ஸ்கானில் இரு பக்கப் பொட்டு மடல்களின் உட்பகுதியிலும், அமிக்டலா இருக்கும் இடத்தில், அவரை விதை வடிவில் இரண்டு வெள்ளைப் படிவுகள். சுண்ணாம்புப் படிவு. லிப்போயிட் புரோட்டினோசிஸ் நோயாளர்கள் பலரிடம் காணப்படும் இந்த இரட்டைப் படிவு நோயின் கையொப்பம் போன்றது. சுண்ணாம்பைக் காட்டுவதில் எம்.ஆர்.ஐ.யை விடச் சி.ரி. தெளிவானது என்பதால் அதையே எடுத்தோம்.

அமிக்டலா பயத்தோடு தொடர்புடைய பகுதி. இதே நோயால் இரு பக்க அமிக்டலாவும் அழிந்துபோன ஒரு அமெரிக்கப் பெண், எஸ்.எம். என்ற எழுத்துகளால் ஆய்வுலகில் அறியப்பட்டவர். மற்றவர் முகத்தில் தெரியும் பயத்தை அவரால் அடையாளம் காண முடியவில்லை என்று 1994இல் எழுதினார்கள். பாம்பையும் சிலந்தியையும் அவர் அச்சமின்றி அணுகியதை 2011இல் எழுதினார்கள். இதைப் படித்த என் இளைய சகா ஒருவர், "இந்தப் பிள்ளைக்கும் பயம் இல்லையோ?" என்று ஆர்வமாகக் கேட்டார். அம்மம்மாவும் "இவளுக்கு நாயெண்டாலும் பயமில்லை, கிணத்துக்கட்டிலை ஏறி நடப்பாள்" என்று சொல்லியிருந்தார். நான் அவசரப்படவில்லை. கடற்கரையில் வளர்ந்த எத்தனையோ பிள்ளைகள் கிணற்றுக்கட்டில் நடக்கிறார்கள். எஸ்.எம். ஒரே ஒருவர், இந்த நோய் உள்ள எல்லோரும் அவரைப் போல இருப்பதில்லை. பிள்ளையைப் பரிசோதனைக் காட்சிப்பொருளாக்குவதில் எனக்கு விருப்பமும் இல்லை. எனக்குத் தேவைப்பட்டது நடைமுறைப் பாதுகாப்பு. வலிப்பும் இருக்கிறது, ஆபத்தை உணர்வதில் குறை இருக்கவும் கூடும். ஆகவே தனியாகக் கடலில் இறங்கக் கூடாது, கிணற்றுக்கு வலை போட வேண்டும், பழக்கமில்லாதவர் கூப்பிட்டால் போகக் கூடாது என்பதை வாயால் சொல்லிப் பழக்க வேண்டும். தகப்பன் அடுத்த கிழமையே பழைய மீன்வலையை மடித்துக் கிணற்றின் மேல் கட்டிவிட்டார்.

என்ன செய்ய முடியும்

குணப்படுத்தும் மருந்து இல்லை. இதை முதலிலேயே சொன்னோம். ஆனால் "ஒன்றும் செய்ய ஏலாது" என்பது வேறு பேச்சு.

வலிப்புக்கு லெவெற்றிரசெற்றம் தொடங்கினோம். முதல் மாதத்துக்குள் கருகல் மணம் நின்றது. தோல் தடிப்புக்கு அசிட்ரெற்றின் மாத்திரையால் சிலருக்குத் தோலும் குரலும் ஓரளவு இளகியிருக்கின்றன. அதை இப்போது வேண்டாம் என்று வைத்தோம். வளரும் பிள்ளையின் எலும்பை அது பாதிக்கலாம். கருவுக்குக் கடும் தீங்கு செய்யும், நிறுத்தி மூன்று வருடம் வரை கருத்தரிக்கக் கூடாது. 12 வயதில் தொடங்கினால் அந்தச் சுமையை எத்தனை வருடம் தூக்குவது? டி.எம்.எஸ்.ஓ., பெனிசிலமின் போன்ற மருந்துகளின் பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அவற்றை நான் சிபாரிசு செய்யவில்லை. குரல்நாணில் படிந்ததை நுண் அறுவையாலோ லேசராலோ மெலிதாக்கலாம். திரும்பப் படியக்கூடும்.

மற்றபடி எல்லாம் உரசலைக் குறைப்பது. வாங்கில் முழங்கை ஊன்றும் இடத்தில் துணி, புத்தகப் பையின் வாருக்குள் பஞ்சு, மொரமொரப்பான துவாய்க்குப் பதில் பழைய பருத்திச் சேலைத் துண்டு. பல்லுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்வை.

எனக்கு அதிகக் கவலை தந்தது மூச்சுப்பாதை. நகரத்தில் இருந்தால் தொண்டை வீங்கினாலும் கால் மணியில் வைத்தியசாலை. இவர்கள் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகில் வந்து, அங்கிருந்து பஸ் எடுக்க வேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஆகவே தடிமன் வந்து மூச்சு இழுக்கும்போது சீழ்க்கை போலச் சத்தம் கேட்டால் விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தோம். தீவு வைத்தியசாலைக்கும் ஒரு பிரதி. மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் வாய் சரியாகத் திறக்காது, நாக்கு மடியாது, குரல்வளை ஒடுங்கியிருக்கலாம் என்பதை மும்மொழியிலும் சிறு அட்டையில் எழுதினோம். தாய் அதை அடையாள அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

ஒவ்வொரு கிளினிக்கும் ஒவ்வொரு நாள் என்றால் தகப்பன் ஒவ்வொரு முறையும் ஒருநாள் தொழிலை விட வேண்டும். தோல், தொண்டை, நரம்பு மூன்றையும் மாதத்தில் ஒரே நாளுக்கு மாற்றிக் கேட்டேன். கிடைத்தது. மருந்துச் சீட்டைவிட அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய உதவி.

"நாங்கள்தானே கட்டி வைச்சம்"

மரபணு முடிவை விளக்கிய அன்று அம்மம்மா அழுதார். "நாங்கள்தானே மோனை கட்டி வைச்சம்" என்றார்.

அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். ஒவ்வொரு மனிதரிடமும் இப்படி ஒளிந்திருக்கும் பழுதான மரபணுக்கள் சில உண்டு. மற்றப் பிரதி நன்றாக இருப்பதால் அவை வெளியே தெரிவதில்லை. சொந்த மச்சான் மச்சாள் சேரும்போது ஒரே முன்னோரின் ஒரே பழுது இரண்டு பக்கத்தாலும் வந்து சேரும் வாய்ப்புக் கூடுகிறது. அவ்வளவுதான். அப்படிக் கலியாணம் கட்டியவர்களில் பெரும்பாலானோரின் பிள்ளைகள் சுகமாகவே பிறக்கிறார்கள். கடும் பிறவிக் குறையின் வாய்ப்பு பொது அளவை விட நூறு பிறப்புக்கு ஏறத்தாழ 2 முதல் 3 வரை கூடுகிறது. தென்னாபிரிக்காவின் நாமாக்குவலாந்துப் பகுதியில் இதே நோய் அதிகம். அங்கே மாமி மகனைக் கட்டும் வழக்கம் காரணமில்லை. பழைய குடியேறி வழியில் வந்த ஒரு மரபணு மாற்றம் சிறிய சமூகத்துக்குள் சுற்றியதுதான் காரணம். இதில் குற்றவாளி என்று ஒருவரும் இல்லை.

இந்தத் தம்பதியின் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. சுகமாக இருக்கும் தம்பி அந்த மாற்றத்தின் ஒரு பிரதியைச் சுமக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. அவனை இப்போதே சோதிக்கும்படி தகப்பன் கேட்டார். வேண்டாம் என்றேன். சுமந்தாலும் அவனுக்கு நோய் வராது. வளர்ந்து, கலியாணம் கட்டும் வயதில், அறிய வேண்டுமா என்பதை அவனே தீர்மானிக்கட்டும். தகப்பனுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. அடுத்த வருகையில் திரும்பவும் பேசுவோம்.

பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்தோம். தொற்று நோய் இல்லை, சாதாரணமாகப் பேசுவதால் நோய் அதிகரிக்காது, வாய்மொழிக் கேள்விகளில் அவளை விலக்க வேண்டாம் என்று எழுதினேன். வகுப்பு ரீச்சர் கடிதத்தைப் பிள்ளைகளுக்கு வாசிக்கவில்லை. அதற்குப் பதிலாக அவளைக் கேட்டுவிட்டு, அவளையே விளக்கச் சொல்லியிருக்கிறார். எனக்கு இது தோன்றவில்லை.

கடைசியாகப் பார்த்தது சென்ற மாதம். ஐந்து மாதமாக வலிப்பு இல்லை. குரல்வளை முன்பு இருந்தபடியே. சைக்கிளில் விழுந்ததில் முழங்காலில் புதிதாக இரண்டு பொருக்கு. இப்போது கேள்விக்கு அவளே பதில் சொல்கிறாள், தாய் பக்கத்தில் பேசாமல் இருக்கிறார். குரல்நாண் அறுவையைப் பற்றித் தொண்டை மருத்துவர் விளக்கிய பிறகு அவள் என்னிடம் வந்து கேட்டாள்.

"வெட்டினால் வேற ஆக்களின்ரை குரல் வருமோ டொக்டர்?"

"இல்லைப் பிள்ளை. உங்கடை குரல்தான். கொஞ்சம் தெளிவா வரும். பிறகு திரும்பவும் கொஞ்சம் அடைக்கலாம்."

சரி, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அடுத்த தவணை தையில், வாடை தணிந்த பிறகு.